கம்ப்யூட்டர் ஓடவில்லையா? எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது. காலையில் நன்றாகத்தான் இருந்தது. ஒட்டடை அடித்துவிட்டு வந்து போட்டால் திரை ஒரே இருட்டு. வைரஸ் வந்திருக்குமோ?"

"பெட்டிக்குள் விசிறிச் சத்தம் கேட்கிறதா, பெரியம்மா?"

"கேட்கிறதே."

"விசைப்பலகையில் கேப்ஸ் லாக் என்று ஒன்று இருக்கும். அதை இரண்டு மூன்று முறை அமுக்குங்கள். மேலே சின்ன விளக்கு ஏதாவது எரிந்து அணைகிறதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம், எரிகிறது, அணைகிறது" என்றார்.

செத்த கணினி இப்படிப் பதில் சொல்லாது. மின்சாரம் வந்திருக்கிறது, விசிறி சுற்றுகிறது, விசையை அமுக்கினால் உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் படம் மட்டும் திரைக்குப் போய்ச் சேரவில்லை. பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கேபிள். ஒட்டடைக் கம்பு பட்டு அது ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அழுத்திச் செருகியதும் படம் வந்துவிட்டது.

நான் அவரிடம் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்கவே இல்லை. எது நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டேன். வீட்டுக் கணினியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வித்தையில் பாதிக்குமேல் இதுதான். இதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் உடனே குழாயைக் கழற்றுவதில்லையே. பக்கத்துக் குழாயைத் திறந்து பார்க்கிறோம். அதில் வந்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, அடைப்பு இந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. கணினியும் அப்படித்தான். சுவரிலிருந்து மின்சாரம் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்பெட்டிக்கு வருகிறது, அங்கிருந்து எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு என்ற பலகைக்கு, பிறகு கணக்குப் போடும் பிராசசரும் நடக்கிற வேலையை நினைவில் வைத்திருக்கும் ரேமும் விழிக்கின்றன, கோப்புகள் தங்கியிருக்கும் ஹார்டு டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏறுகிறது, அதன்மேல் நம் புரோகிராம்கள். எந்தப் படிவரை வந்து நின்றிருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு முந்திய படிகளை மறந்துவிடலாம்.

(நாம் எல்லாரும் சி.பி.யூ. என்று சொல்லும் பெட்டி உண்மையில் சி.பி.யூ. அல்ல. சி.பி.யூ. என்பது பிராசசர்தான்; உள்ளே விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டி அளவுகூட இல்லாத சில்லு. ஆனால் கடைக்காரர் முதல் கல்லூரிப் பேராசிரியர்வரை பெட்டியைத்தான் சி.பி.யூ. என்கிறார்கள். நானும் சண்டைக்குப் போவதில்லை.)

விசிறியே சுற்றவில்லை என்றால் கோளாறு முதல் படியிலேயே இருக்கிறது. கைப்பேசி சார்ஜரை அதே பிளக் பாயின்ட்டில் செருகிப் பாருங்கள். அதில் மின்சாரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். யு.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகச் சுவரில் செருகுங்கள். அடுத்தது கயிறு. பல மேசைக் கணினிகளில் பெட்டிக்குப் போகும் மின்கயிறும் மானிட்டருக்குப் போகும் மின்கயிறும் ஒரே வகை. இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். இப்போது பெட்டி ஓடி மானிட்டர் அணைந்தால் குற்றவாளி கயிறுதான். புதுக் கயிற்றோடு வேலை முடிந்தது. கயிறும் நல்லது, சுவரும் நல்லது, ஆனாலும் பெட்டியில் அசைவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும். அதை மட்டும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாகும்போது 320 வோல்ட்டுக்கு மேல் ஏறிக் கெப்பாசிட்டரில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பழுது பார்ப்பதற்கும் இல்லை. மொத்தமாக மாற்றிவிடுவதுதான் வழக்கம்.

மடிக்கணினியாக இருந்தால் வேறு ஒரு வழி. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகிப் போடுங்கள். மதர்போர்டில் தேங்கி நின்ற மின்னேற்றம் வடிந்து, குழம்பிப்போன சுற்று முதலிலிருந்து விழிக்கிறது. மாந்திரீகம் மாதிரி இருக்கும். ஆனால் பல முறை பலித்திருக்கிறது.

விசிறி சுற்றுகிறது, திரைக் கேபிளும் சரி, ஆனாலும் ஒன்றும் வரவில்லை, சில பெட்டிகளில் பீப் பீப் என்று சத்தம் வேறு. நம் ஊர் ஈரத்துக்கும் தூசிக்கும் இது சகஜம். ரேம் பட்டையின் அடிவிளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாக இருக்கும் தொடுமுனைகளில் மெல்லிய அழுக்கு படிந்து, தொடர்பு விட்டுப்போகிறது. ரிப்பேர் கடையில் இதற்குக் கையாளும் கருவி பள்ளிப்பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருக்கிறது: ரப்பர்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானை ஒரு முறை அமுக்கி விடுங்கள். மிச்சம் மீதி மின்சாரம் வடியட்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு கையால் தொடுங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். மதர்போர்டில் நிமிர்ந்து நிற்கும் நீளமான பட்டைதான் ரேம். முனைகளில் உள்ள கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக மேலெழும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள், இரண்டு பக்கமும். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அது உள்ளே விழுந்தால் அதுவே புதுத் தொல்லை. திரும்ப வைக்கும்போது பட்டையின் நடுவில் உள்ள வெட்டு, குழியில் உள்ள மேட்டோடு பொருந்த வேண்டும். இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று கொக்கி விழும். அந்தச் சத்தம் கேட்காதவரை வேலை முடியவில்லை. பயந்து பயந்து மெல்ல வைப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டு இயக்கிப் பாருங்கள். எதைப் போட்டால் ஓடவில்லையோ, அது கெட்டது.

திறந்ததுதான் திறந்தீர்கள், விசிறியிலும் அதன் அடியில் உள்ள அலுமினியச் சட்டத்திலும் தூசி பஞ்சுமெத்தைபோல் படிந்திருக்கும். பெயின்ட் பிரஷ் ஒன்றால் தட்டி எடுங்கள். எறும்பும் பல்லியும் இருந்தாலும் வியப்பில்லை. 1947 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 கணினி கோளாறு செய்தபோது, அதன் ரிலே என்ற மின்விசை ஒன்றில் விட்டில்பூச்சி சிக்கியிருந்ததைப் பிடுங்கி, பதிவேட்டில் ஒட்டுநாடா போட்டு ஒட்டியே வைத்தார்கள். கணினிக் கோளாறுக்கு 'பக்', அதாவது பூச்சி, என்று பெயர் வந்ததே அதனால்தான் என்று சொல்வார்கள். அது சரியல்ல, பொறியாளர்கள் அந்தச் சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பூச்சி உண்மை.

சில கோளாறுகள் ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறிடத்தில் முகம் காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னப் பேட்டரியின் கதை.

என் பழைய கணினியில் ஒருநாள் காலை வங்கித் தளம் திறக்கவில்லை. பாதுகாப்பற்ற இணைப்பு என்று உலாவி (பிரவுசர்) சிவப்பு எச்சரிக்கை காட்டியது. ரயில் டிக்கெட் தளமும் அப்படியே. மின்னஞ்சலும் அப்படியே. இணையம் போய்விட்டது என்று நினைத்தால் கைப்பேசியில் அதே வைஃபையில் எல்லாம் திறக்கின்றன. யாரோ கணக்கைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று வயிற்றைக் கலக்கியது. அரை மணி நேரம் உலாவியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் திரையின் வலது மூலை கண்ணில் பட்டது. என் கணினி பல ஆண்டுகள் பின்னால் போய், ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் உட்கார்ந்திருந்தது.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்சான்றிதழ் காட்டும். அதில் இந்தத் தேதிமுதல் இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். என் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். ஆகவே போலி என்று தள்ளிவிட்டது. அதன் கணக்குப்படி அது செய்தது சரிதான். கடிகாரம் ஏன் பின்னால் போனது? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சி.ஆர். 2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள்; 3 வோல்ட். அந்த எண் எதோ மாடல் எண் இல்லை, அளவுதான்: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். தினமும் கணினியைப் போடும்போதெல்லாம் தேதி பழையபடி தவறினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதுவரை தேதியைக் கையால் திருத்தினாலே தளங்கள் எல்லாம் திறந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த தப்பு, ஒரே மூச்சில் ஆறு அமைப்புகளை மாற்றியது. உலாவியின் நினைவை அழித்தேன், வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன், இன்னும் என்னென்னவோ. சரியான பிறகு அவற்றை எல்லாம் பழையபடி வைக்க மாலை ஆகிவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலிக்கவில்லை என்றால் அதைத் திரும்பப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இனி, எல்லா வீட்டிலும் கேட்கும் புகார்: "ரொம்ப மெதுவாக இருக்கிறது." இதற்கு ஊகம் வேண்டாம், பார்த்தே சொல்லலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்ற மூன்று தலைப்புகளுக்கு மேல் விழுக்காடு காட்டும். கணினி மூச்சு வாங்கும் நேரத்தில் எது நூறை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள்.

மெமரி, அதாவது ரேம், நிரம்பியிருந்தால் ஒரே நேரத்தில் அதிகமாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள். உலாவியில் முப்பது பக்கம் திறந்து வைப்பவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். 4 ஜி.பி. ரேம் இன்றைய உலாவிக்குப் போதாது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கிறது. அங்கேதான் நடை தள்ளாடுகிறது.

டிஸ்க் நூறில் நின்றால், அது சுழலும் பழைய ஹார்டு டிஸ்கா என்று பாருங்கள். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல, ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைப் பொறுக்குகிறது. சிதறிக் கிடக்கும் தகவலென்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களுக்குத்தான் அந்த முள்ளால் போய்வர முடியும். விண்டோஸ் ஏறும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான இடங்கள். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. பழைய கணினிக்குப் பணம் செலவழிப்பதானால் ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவழிக்கலாம் என்றால், அது எஸ்.எஸ்.டி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. புதுக் கணினி வாங்கக் கிளம்பிய இரண்டு பேரைத் தடுத்து இதை மாட்ட வைத்திருக்கிறேன்.

சி.பி.யூ. நூறில் நின்றால் எந்தப் புரோகிராம் தின்கிறது என்று அந்தத் தலைப்பின்மேல் சொடுக்கினால் வரிசைப்படுத்திக் காட்டும். எதுவுமே நூறில் இல்லை, ஆனாலும் மெதுவென்றால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடு மிஞ்சினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பவர்கள் அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை" என்று குறைப்படுகிறார்கள்.

அணைத்துப் போடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்து மறுபடி போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அப்படியில்லை. வேகமாக விழித்துக்கொள்வதற்காக, அணையும்போது விண்டோஸ் தன் உட்கருவின் நிலையை டிஸ்கில் அப்படியே எழுதி வைத்துவிட்டு, போட்டதும் அதையே திரும்ப ஏற்றுகிறது. பல கணினிகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற இந்த வசதி கேட்காமலே இயக்கத்தில் இருக்கும். நேற்றைய குழப்பமும் அதோடு சேர்ந்து திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் முதலிலிருந்து தொடங்கும். "மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டேன்" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்பதுதான்.

இணையக் கோளாறில் எல்லாரையும் ஏமாற்றுவது அந்த வைஃபை கோடுகள். மூன்று கோடும் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை என்பார்கள். அந்தக் கோடுகள் கணினிக்கும் கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள தொடர்பை மட்டுமே சொல்கின்றன. ரவுட்டருக்கு வெளியே தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலும் மூன்று கோடும் நிற்கும். கைப்பேசியை அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் உங்கள் கணினியின்மேல் பழியில்லை. ஃபைபர் பெட்டியில் லாஸ் (எல்.ஓ.எஸ்.) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், இழை வழியே ஒளி வரவில்லை என்று பொருள். இணைப்புக் கொடுத்தவருக்குத் தொலைபேசி செய்வதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால், உலாவியில் 1.1.1.1 என்று வெறும் எண்ணை அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் திறந்து, பெயர் அடித்தால் மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். என்ற விலாசப் புத்தகத்தில்தான் சிக்கல். பெரும்பாலும் ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டாலே தீரும்.

பிரின்டர் அச்சடிக்க மறுத்தால் வரிசையில் முதலில் நிற்கும் பழைய கோப்பு ஒன்று வழியை மறித்துக்கொண்டிருக்கும், அதை நீக்குங்கள். மடிக்கணினியில் எழுத்தை அடித்தால் எண் விழுந்தால் எண்களுக்கான 'நம் லாக்' என்ற விசை அமுங்கியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மெக்கானிக் வேண்டியதில்லை.

தமிழ் படிப்பவர்களுக்கே உரிய ஒரு கோளாறும் இருக்கிறது. யாரோ அனுப்பிய பழைய கல்யாண அழைப்பிதழையோ கட்டுரையையோ திறந்தால், பொருளில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினிபோன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் 'அம்மா' என்பதற்குக் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும் கணினியில் அம்மா தெரிவாள். இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள்தான். எழுத்துருவை நிறுவினாலோ, இன்று எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றில் ஒட்டினாலோ, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் திரும்பி வரும்.

பெரியம்மா முதலில் சொன்ன வைரஸுக்கு வருகிறேன். நான் பார்த்த கோளாறுகளில் தூசியும் கேபிளும் செய்ததைப்போல் வைரஸ் செய்ததில்லை. ஆனால் 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க அலறும் பக்கம் ஒன்று வந்தால், வைரஸ் அந்தப் பக்கத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதன்தான். எந்த மென்பொருள் நிறுவனமும் எச்சரிக்கையில் தொலைபேசி எண் போட்டுக் கூப்பிடுவதில்லை. ஆல்ட், எஃப்4 இரண்டையும் அமுக்கி மூடுங்கள். மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்துங்கள். தெரியாத்தனமாக அழைத்து, அவன் சொன்ன செயலியை நிறுவிப் பணமும் போயிருந்தால், இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று இவ்வளவு சொன்ன நான், ஓரிடத்தில் மட்டும் கையை எடுக்கச் சொல்வேன். ஹார்டு டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரே சீரான சத்தம் வருகிறது, கோப்பு திறக்க நிமிடக்கணக்காகிறது என்றால், முள் தட்டில் தடுமாறுகிறது. அப்போது ரீஸ்டார்ட், ஸ்கேன், டிஸ்கை வெறுமையாக்கும் ஃபார்மட் எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேத்தியின் படங்கள், பத்திரங்களின் நகல் என்று உலகில் வேறு பிரதி இல்லாதவற்றை முதலில் பென் டிரைவில் எடுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில் இருக்கட்டும். பிறகு அணைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே "கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று சொல்லாமல், "விண்டோஸ் ஏறுகிறது, டி டிரைவைத் திறந்தால் சத்தம் வருகிறது, படங்களை எடுத்துவிட்டேன், ஆனால் என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியே கொடுங்கள். கடையில் வாங்கி வைப்பவர் ஒருவர், வேலை பார்ப்பவர் இன்னொருவர்.